அந்தமானில் அந்தி நேரம்: எந்தக் கரையில், என்ன செய்வது?

அந்தமானுக்குக் கிளம்பும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த பீச்சில் சன்செட் நல்லா இருக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: அங்கே சூரியன் எத்தனை மணிக்கு மறையும்?

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம். ஆனால் இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே நேரம்தான் காட்டும். அதனால் நவம்பர் கடைசியில் மாலை 4.50-க்கே அங்கே சூரியன் கடலுக்குள் போய்விடும். பொங்கல் விடுமுறையில் 5.15 வாக்கில். பிப்ரவரி நடுவில் 5.25. கோடை விடுமுறைக்குப் போனால் 5.30-இலிருந்து 5.40-க்குள். ஆண்டிலேயே மிகத் தாமதமாக மறைவது ஜூலையில். அப்போதும் ஆறு மணி ஆகாது. மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும்.

இதன் விளைவு என்ன? மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, காபி குடித்துவிட்டு "சரி, கடலுக்குப் போகலாம்" என்று ஐந்து மணிக்குக் கிளம்புகிற நம் வழக்கம் அங்கே செல்லாது. டிசம்பரில் அப்படிக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், மூன்றரைக்குக் கரையில் இருக்க வேண்டும். அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வெயிலும் தணிந்திருக்கும், வெளிச்சமும் இருக்கும். நீந்துவதோ நடப்பதோ சைக்கிள் மிதிப்பதோ, எல்லாம் அதற்குள்தான்.

ஐந்து பகல், நான்கு இரவு என்ற வழக்கமான பேக்கேஜில் நமக்குக் கிடைப்பது நான்கு மாலைகள். அதில் ஒன்று செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சிக்குப் போய்விடும். போகட்டும், பார்க்க வேண்டியதுதான். இன்னொன்று பெரும்பாலும் படகில் திரும்பி வருவதில் கழியும். மிச்சம் இரண்டு. அந்த இரண்டை எங்கே செலவழிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும். ஆட்டோக்காரரும் ஹோட்டல்காரரும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். நானும் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

ஹேவ்லாக், ராதாநகர்: குளியலுக்கு

எல்லாப் பட்டியலிலும் முதலில் வருவது இதுதான். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து இதன் பெயர் நிலைத்துவிட்டது. 2020-இல் இந்தியாவில் முதல் சுற்றில் நீலக் கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற எட்டுக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. நம் கோவளத்துக்கு அது 2021-இல்தான் கிடைத்தது. சான்றிதழால் நமக்கு என்ன லாபம் என்றால், உடை மாற்ற அறை, கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் இருக்கும். குழந்தையையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பெயர் வந்ததற்குக் காரணம் மணல். மாவு போல மென்மை, பாறையே கிடையாது, கடல் மெதுவாகத்தான் ஆழமாகும். அந்தமானின் மற்றப் பல கரைகளில் நீர் வற்றினால் பவளப்பாறைத் துண்டுகள் காலைக் கிழிக்கும். இங்கே எந்த நேரத்திலும் வெறுங்காலோடு இறங்கலாம். மேற்குப் பார்த்த கரை என்பதால், கழுத்தளவு நீரில் நின்றுகொண்டே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். அந்தத் தீவுகளில் மாலைக் குளியலுக்கு இதற்கு மேல் ஓர் இடம் எனக்குத் தெரியாது.

பின்னால் உயரமான காடு, கரையின் விளிம்பு வரைக்கும். மாலை வெயில் கடல் பக்கமிருந்து நேராக அடிக்கும் என்பதால் மூன்றரைக்கு மரங்களுக்கு அடியில்தான் உட்கார முடியும். கூட்டம் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் நுழைவாயிலை ஒட்டிய கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுவார்கள். கரை மிக நீளம். பத்து நிமிடம் நடந்தால் சத்தம் பின்னால் போய்விடும்.

இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, முதலை. 2010-இல் இந்தத் தீவில் ஓர் அமெரிக்கப் பயணியை உவர்நீர் முதலை கொன்றது. அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் நடந்தது. முதலைக்கு அந்தியும் இரவும்தான் நடமாடும் நேரம். வெளிச்சம் குறைந்ததும் உயிர்காப்பாளர் விசில் ஊதுவார். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று அவரிடம் பேரம் பேசாமல் ஏறி வந்துவிடுவது நல்லது. ஓடை வந்து கலக்கும் இடத்தில் எந்த நேரத்திலும் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, தூரம். ஹேவ்லாக்கில் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கம். ராதாநகரோ மேற்கில், ஜெட்டியிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர். ஆக, ஹேவ்லாக்கில் ஒவ்வோர் அந்தியும் ஒரு பயணம். போகும்போது காடும் வயலுமாக அழகான சாலை. திரும்பும்போது அதே சாலை கும்மிருட்டு. ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், நாளுக்கு 500 ரூபாய்க்கு முன்பின். ஆனால் மேடும் வளைவுமான அந்த வழியில் இருட்டில் ஓட்டப் பழக்கம் இல்லாதவர்கள் ஆட்டோவே எடுக்கலாம். ஆட்டோ பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: முழுவதும் இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூரியன் நீரைத் தொட்டதுமே போன் வரும், "சார், கிளம்பலாமா?" என்று. வானம் நிஜமாகச் சிவப்பது சூரியன் மறைந்த பிறகு வரும் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான். அதை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் பாதிப் பேர்.

பழைய பயணக் குறிப்புகளில் ராதாநகரில் யானை நடப்பது போலவும் கடலில் நீந்துவது போலவும் படங்கள் வரும். ராஜன் என்ற அந்த யானை 2016-இல் இறந்துவிட்டது. குழந்தைகளிடம் ஆசை காட்டிக் கூட்டிப்போகாதீர்கள்.

நீல், லக்ஷ்மண்பூர்: சைக்கிளில்

என் ஓட்டு இதற்குத்தான். அதை மறைத்து நடுநிலை போல எழுத எனக்கு வராது.

நீல் மிகச் சின்னத் தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஜெட்டிக்குப் பக்கத்தில் பரத்பூர், மேற்கே லக்ஷ்மண்பூர், கிழக்குக் கோடியில் சீதாபூர், நடுவில் ராம்நகர். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ராமாயணத்தையே ஊர் ஊராகப் பிரித்து வைத்துவிட்டார்கள். அந்தமானுக்குக் காய்கறி கொடுக்கும் தீவு இது. சாலையின் இருபுறமும் வயல், வாழை, பாக்கு, மீன் வளர்க்கும் குட்டை. பெரும்பாலும் சமதரை. இப்படிப்பட்ட ஊரை ஜன்னல் ஏற்றிய காரில் சுற்றுவது வீண். வாடகை சைக்கிள் ஜெட்டிப் பக்கத்திலேயே கிடைக்கும், விடுதிகளிலும் கொடுப்பார்கள். கியர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

மாலைக்கு இங்கே இரண்டு இடம், இரண்டும் லக்ஷ்மண்பூர் பெயரில்தான். இரண்டாம் எண் கரையில், இயற்கையாகவே பாலம் போலக் குடைந்து நிற்கும் பாறை இருக்கிறது. வங்காளிகள் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே போக, கடல் வற்றியிருக்க வேண்டும். வற்றினால் ஒரு பெரிய பாறைத் தளம் வெளியே வரும். அதன் குழிகளில் தேங்கிய நீரில் சின்ன மீன்கள், நண்டு, கடல் வெள்ளரி, உயிருள்ள பவளம். ஒரு மணி நேரம் குனிந்தபடியே நடக்கலாம். உள்ளூர் வழிகாட்டிகள் சின்னத் தொகைக்கு வந்து எல்லாவற்றையும் காட்டுவார்கள். நம் கண்ணுக்குக் கல்லாகத் தெரிவது அவர்களுக்கு மீன் என்று தெரியும்.

முதலாம் எண் கரை அந்திக்கு. நீண்ட வெண்மணல், வந்து சேர்ந்த மரக்கட்டைகள், வாசலில் இளநீரும் பேல்பூரியும் விற்கும் சில கடைகள். குளிக்க இது தோதான இடமில்லை. நீருக்குள் பாறையும் பவளமும் இருக்கிறது. வற்றிய நேரத்தில் முழங்கால் நீருக்கே வெகுதூரம் போக வேண்டும். இங்கே செய்யக்கூடியது நடப்பதும் உட்காருவதும்தான். அது போதாது என்று நினைக்கிறவர்கள் ராதாநகருக்கே போகலாம்.

நல்ல நாளில் இப்படிப் போகும்: மூன்று மணிக்குச் சைக்கிள் எடுத்து, பாலப் பாறையைப் பார்த்துவிட்டு, நாலரைக்கு முன் அங்கிருந்து கிளம்பி, முதலாம் எண் கரையில் போய் உட்கார்ந்துவிடுவது. ஈரப் பாறையில் இருட்டில் நடப்பது ஆபத்து என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. திரும்ப விடுதிக்குச் சில கிலோமீட்டர்தான். கையில் ஒரு டார்ச், சைக்கிளுக்கு முன்னால் ஒரு விளக்கு. அவ்வளவு போதும்.

சிக்கல் ஓதத்தில், அதாவது கடல் ஏறி வற்றுவதில், இருக்கிறது. கடல் வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை மூன்றரைக்கு வற்றினால் நான்கு நாள் கழித்து ஏழு மணிக்குத்தான் வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் வெகுதூரம் உள்ளே போகும். அஷ்டமி பக்கம் அவ்வளவு போகாது. எனவே தேதி முடிவு செய்யும் முன் போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும். மாலையில் வற்று நேரம் அமையாவிட்டால் பாலப் பாறையைக் காலைக்குத் தள்ளிவிட்டு, மாலையில் முழுத்தீவையும் சைக்கிளில் சுற்றிவிட்டு லக்ஷ்மண்பூர் வந்துவிடலாம்.

நீலுக்குப் பகலில் வரும் கூட்டத்தில் பெரும்பகுதி பிற்பகல் படகிலேயே திரும்பிவிடும். காலையில் ஜெட்டியில் இறங்கி, பரத்பூரில் கண்ணாடித்தளப் படகு, பாலப் பாறை, மதியச் சாப்பாடு, திரும்பப் படகு என்பது பேக்கேஜ்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் போனால் நீலின் மிகச் சுமாரான நேரமான உச்சி வெயில்தான் உங்களுக்குக் கிடைக்கும். "நீலில் ஒன்றும் இல்லை, அரை நாள் போதும்" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இப்படிப் போய் வந்தவர்கள்தான். ஓர் இரவு தங்கினால் அந்தியோடு சேர்த்து மறுநாள் விடியலும் உண்டு. சீதாபூர் கிழக்குக் கரை. குளிர்காலத்தில் ஐந்தே காலுக்கு அங்கே போய் நின்றால் போதும், கோடையில் ஐந்து மணிக்கு முன்பே.

குறை இல்லாமல் இல்லை. நல்ல சாப்பாட்டுக் கடைகள் குறைவு. ஹேவ்லாக்கைப் போல விதவிதமான விடுதிகள் கிடையாது. மாலையில் காற்று அடங்கினால் மணல் ஈ கடிக்கும். கொசுவை விட மோசம், தடிப்பு சில நாள் போகாது. முழங்கால் மூடிய பேன்ட்டும் தேங்காயெண்ணெயும் உதவும்.

சிடியா டாப்பு: ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு

படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள், முதல் நாள் மாலையை வீணாக்க விரும்பாதவர்கள், இரண்டே நாளில் திரும்புகிறவர்கள், இவர்களுக்கு இது. போர்ட் பிளேரிலிருந்து 25 கிலோமீட்டர், தெற்கு அந்தமானின் தென்கோடி. டாக்சியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். வழியே ஒரு காட்சிதான்: ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் அலையாத்தியும் கடலும்.

இங்கே செய்ய வேண்டியது முண்டா பஹாட் நடை. கரையிலிருந்து காட்டுக்குள் ஏறி, கடலை நோக்கிய மொட்டைப் பாறை வரை போகும் பாதை. போய்வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை தெளிவு, ஆனால் வேரும் சேறும் உண்டு. மழை பெய்திருந்தால் செருப்போடு போகாதீர்கள். இருட்டுவதற்குள் கீழே இறங்கியாக வேண்டும் என்பதால் உச்சியில் நின்று அந்தியைப் பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டு இரண்டரைக்கு ஏறத் தொடங்கி, நான்கு மணிக்கு இறங்கி, கீழே சாலையோரம் மக்கள் கூடும் இடத்தில் நின்றால் எதிரே உள்ள சின்னத் தீவுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். திறந்த கடலில் இறங்குவது போல இருக்காது. எனக்கு இதுதான் பிடிக்கும். வானத்துக்கு ஒரு அளவு கிடைக்கிறது.

பறவை பார்க்கிறவர்களுக்கு இது தனி விருந்து. ஊர்ப் பெயரே பறவைத் தீவு என்றுதான். அந்தமானைத் தவிர வேறெங்கும் இல்லாத மரங்கொத்தியும் கரிச்சானும் இங்கே கண்ணில் படும். மாலை நான்கு மணிக்குக் கிளிக்கூட்டம் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. குளிக்க இது இடமில்லை. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது.

அதே பக்கத்தில் மேற்குக் கரையில் வண்டூர் இருக்கிறது. மகாத்மா காந்தி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவுக்குப் படகு கிளம்பும் இடம். அந்தி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் செய்ய ஒன்றும் இல்லை. பேக்கேஜில் முதல் நாள் மாலைக்கு எழுதியிருக்கும் கார்பின்ஸ் கோவ் கிழக்குப் பார்த்த கரை. காலாற நடக்கலாம், சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது. "ஈவினிங் அட் கார்பின்ஸ் கோவ்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த மாலையைச் சிடியா டாப்புக்கு மாற்றிக் கொடுக்கும்படி டிரைவரிடம் கேட்டால் கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு ஒத்துக்கொள்வார். போர்ட் பிளேரில் தமிழ் பேசும் டிரைவர் கிடைப்பது கஷ்டமே இல்லை, பேச்சுவார்த்தை சுலபம். திரும்பி வந்து சிறைச்சாலை ஒலி-ஒளிக் காட்சியில் பிந்தைய காட்சியைப் பிடிக்கலாம். எந்த மொழிக்கு எந்த நேரம் என்பது மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கயாக்: துடுப்பு பிடிக்கத் தயார் என்றால்

ஹேவ்லாக்கில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக்கில் போகலாம். பிச்சாவரத்தில் படகுக்காரர் துடுப்புப் போட நாம் உட்கார்ந்து போவோமே, இங்கே துடுப்பு நம் கையில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். மாலையில் கிளம்பி அந்தியை நீரின் நடுவே பார்த்துத் திரும்புவது ஒரு வகை. நன்றாக இருட்டிய பிறகு கிளம்பி, துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீர் நீலமாக மின்னுவதைப் பார்ப்பது இன்னொரு வகை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது உமிழும் வெளிச்சம் அது.

இரண்டில் ஒன்றுதான் என்றால் இரவையே எடுங்கள். அந்தியை எந்தக் கரையிலும் இலவசமாகப் பார்க்கலாம். இந்த ஒளியை அப்படிப் பார்க்க முடியாது. ஆனால் நிலா இருந்தால் பணம் தண்டம். அமாவாசைக்கு முன்னும் பின்னும் சில நாட்கள்தான் சரி. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும். கட்டணம் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வரும், குடும்பமாகப் போனால் யோசிக்க வேண்டிய தொகை. சின்னக் குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள். உயிர்காப்புச் சட்டை கொடுக்காத, வழிகாட்டி கூட வராத ஆளிடம் போகவே கூடாது.

ஜெட் ஸ்கி, பாராசெய்லிங், ஸ்கூபா எல்லாவற்றையும் மாலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை காலை வேலை. ஹேவ்லாக்கின் எலிஃபெண்ட் பீச்சிலிருந்து படகுகள் பிற்பகலிலேயே திரும்பிவிடும்.

பௌர்ணமி என்றால் வேறு கணக்கு

சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். உங்கள் தேதி பௌர்ணமியில் விழுந்தால் ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், உங்கள் விடுதி வாசலிலேயே, அந்த இரண்டாம் பாதி கிடைக்கும். சூரியன் மேற்கே மறையும் நேரத்தை ஒட்டி நிலா கிழக்கே கடலிலிருந்து ஏறும். அன்று 12 கிலோமீட்டர் போய் ராதாநகர்க் கூட்டத்தில் நிற்பதற்குப் பதிலாக விஜய நகர்க் கரையில் வற்றிய மணலில் நடக்கலாம். மறுநாள் நிலா முக்கால் மணி நேரம் தாமதமாக, முழு இருட்டில் எழும். அதுவும் மோசமில்லை.

யாருக்கு எது

கைக்குழந்தையோ முழங்கால் வலியோ கூட வந்தால் ராதாநகர், கேள்வியே இல்லை. நீந்தத் தெரிந்த, தண்ணீரைக் கண்டால் நிற்காத பிள்ளைகள் இருந்தாலும் அதுவே. கணவனும் மனைவியும் மட்டும், அல்லது நண்பர்கள் நாலு பேர் என்றால் ஹேவ்லாக்கில் ஓர் இரவைக் குறைத்து நீலுக்குக் கொடுங்கள். படகே ஏறாதவர்களுக்குச் சிடியா டாப்பு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் எனக்கு ஒரு சபலம் வரும்: நீலில் சைக்கிள் ஒரு மாலை, ஹேவ்லாக்கில் குளியல் ஒரு மாலை, அமாவாசை அமைந்தால் அதே இரவு கயாக். மூன்றையும் ஒரே பயணத்தில் நெருக்கினால் அலுப்பாகாதா என்றால், பகலில் ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஆகாது. அந்த வெயிலில் பதினொன்றிலிருந்து இரண்டரை வரை நிழலில் படுத்திருப்பதே புத்திசாலித்தனம்.

மாதமும் முடிவை மாற்றும். அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கு வானத்தில் மேகம் நிற்காத மாலை அரிது. கடலும் கொந்தளிக்கும், படகு ரத்தாகும். அந்தக் காலத்தில் போகிறவர்கள் அந்திக்காக நீல் வரை போய்ச் சிக்கிக்கொள்ளாமல் சிடியா டாப்போடு நிறுத்திக்கொள்ளலாம். காடு மழையில் இன்னும் பச்சை. டிசம்பர், ஜனவரியில் வானம் நன்றாக இருக்கும், கூட்டமும் விலையும் கூடவே இருக்கும். பிப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த மாதங்கள். கடல் குளம் போலக் கிடக்கும், பரீட்சைக் காலம் என்பதால் குடும்பக் கூட்டம் குறைவு, சூரியனும் ஐந்தரை வரை தாக்குப்பிடிக்கும்.

கையில் பணமாகக் கொஞ்சம் வைத்திருங்கள். 2020-இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் இணையக் கேபிள் போட்ட பிறகு நிலைமை நன்றாகவே மாறிவிட்டது, ஆனாலும் கடற்கரை இளநீர்க் கடையில் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்பது உண்டு. கரையில் கிடக்கும் சங்கையோ பவளத் துண்டையோ பையில் போடாதீர்கள். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுப்பார்கள். அந்தி நேரத்து மணலில் அவை அழகாகத்தான் இருக்கும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

முடிவு எதுவானாலும் அதைக் காப்பாற்றுவது படகு டிக்கெட்தான். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரத்துக்குள்ளாக. தனியார் வேகப் படகுகளில் காலைச் சேவைகளும் உண்டு, பிற்பகல் சேவைகளும் உண்டு. பிற்பகலில் ஏறினால் நீங்கள் இறங்கும்போது சூரியன் மறைந்துகொண்டிருக்கும், ஜெட்டி வரிசையில் பெட்டியோடு நின்று பார்க்கலாம். எனவே ஒவ்வொரு தீவுக்கும் காலைப் படகில் போய் இறங்கும்படி பதிவு செய்யுங்கள். நீலிலிருந்து போர்ட் பிளேருக்குத் திரும்பும் டிக்கெட்டை மறுநாள் தேதிக்கு எடுங்கள். பேக்கேஜ்காரர் அதே நாள் பிற்பகலுக்குப் போட்டுக் கொடுத்திருந்தால், முன்பணம் கட்டும் முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள். கட்டிய பிறகு "சீட் இல்லை சார்" என்பார். சீசனில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.